ஆவடியில் காயாத துணி

வடக்கு சிக்கிம்
4.3.2024

அன்புள்ள வள்ளிக்கு,

இங்கே நானும் நாற்பத்திரண்டு கோவேறு கழுதைகளும் சுகம். ஒன்றுக்கு மட்டும் இருமல், அதுவும் நேற்றிலிருந்து குறைவு. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கோயம்புத்தூர் ஹாஸ்டலில் நம் அனுசியா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

போனில் சொல்ல வேண்டியதைக் கடிதத்தில் எழுதுகிறேனே என்று நினைக்காதே. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிடைக்கும் ஐந்து நிமிடத்தில், 'கேட்கிறதா, கேட்கிறதா' என்பதற்கே மூன்று நிமிடம் போய்விடுகிறது. மீதி இரண்டு நிமிடமும் எனக்குப் பின்னால் வரிசையில் நிற்பவன் கனைத்துக்கொண்டே இருக்கிறான். கடிதம் கழுதை மேல் ஏறி மலையிறங்க நாளாகும். ஆனால் முழுதாக வந்து சேரும்.

அக்டோபர் முப்பத்தொன்றோடு எனக்குச் சர்வீஸ் முடிகிறது. இருபத்தெட்டு வருடம். அதற்குப் பிறகு எங்கே குடியிருப்பது என்று முடிவு செய்துவிட்டேன். இப்போது நீ இருக்கிற ஆவடியிலேதான். கேன்டீன் பக்கம், மிலிட்டரி ஆஸ்பத்திரி பக்கம், என்னோடு பதினைந்து வருடம் கழுதை மேய்த்து ரிட்டையரான சொரிமுத்துவும் பக்கம்.

ஆனால் வாசுதேவநல்லூரிலிருந்து குற்றாலீஸ்வரன் அண்ணன் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறான். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில், மேலகரத்தில் ஒரு வீடு வாடகைக்கு வருகிறதாம். பக்கத்தில் வந்து இரு என்கிறான். நேராக மாட்டேன் என்றால் முகம் வாடிப்போகும். எனவே நீ போய் மூன்று நாள் இருந்து பார்த்துவிட்டு, சரிப்படாது என்று ஒரு ரிப்போர்ட் எழுது. அதைக் காட்டி அவனைச் சமாதானப்படுத்திவிடலாம். முடிவு என்னுடையது, காரணங்கள் உன்னுடையவை.

அண்ணன் வீட்டில் என் வேலையைப் பற்றி யார் கேட்டாலும், ராணுவ ரகசியம் என்று சொல்லிவிடு.

மாத்திரையை வேளைக்குப் போட்டுக்கொள்.

அன்புடன்,
சுபாஷ்


ஆவடி
27.3.2024

அன்புள்ள அத்தானுக்கு வள்ளி எழுதுவது.

முழங்கால் பரவாயில்லை. அனுசியா சாப்பிடுகிறாள், படிப்பதாகவும் சொல்லுகிறாள். அந்தக் கழுதையின் இருமல் நின்றதா? உங்கள் இருமலைப் பற்றி நீங்கள் எழுதுவதே இல்லை.

நீங்கள் சொன்னபடி போய்வந்தேன். தென்காசி ஸ்டேஷனுக்குப் பெரியத்தான் காப்பி ஃபிளாஸ்க்கோடு வந்து நின்றார். ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறார் மனிதர். மேலகரம் வீட்டைப் பார்த்தேன். இரண்டு அறை, பின்னால் ஒரு நெல்லி மரம், மாடி ஏறினால் மலை தெரிகிறது. சரிப்படாது என்பதற்குக் காரணம் தேடிக்கொண்டே இருந்தேன். குரங்கு வருகிறது. ஜன்னல் வழியாகக் கையை விட்டு எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டது. இதைக் காரணமாக வைத்துக்கொள்ளலாம்.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது எனக்குக் கால் பிசகிவிட்டது. பெரியத்தான் டாக்டர் நமசிவாயத்தின் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். எனக்கு முன்னால் செங்கல் சூளையில் வேலை செய்கிற ஒரு பீகார்க்காரர். "பேட் மே தர்த்" என்று அவர் கதறுகிறார். டாக்டர், யாரோ கிரிக்கெட் பேட்டால் அடித்திருக்கிறார்கள் என்று முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். காயத்தைக் காணவில்லையென்று தோள்பட்டைக்கு எக்ஸ்ரே எழுதிவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "டாக்டர், அவருக்கு வயித்துவலி" என்றேன். பிறகு அந்த ஆளிடம் என்ன சாப்பிட்டான், எத்தனை தடவை போனான் என்று எல்லாம் கேட்டுச் சொன்னேன். டாக்டர் என் காலைப் பார்ப்பதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்தார்.

மூன்று நாள் என்று போனது ஐந்து நாளாகிவிட்டது. கால் வீக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு ரிப்போர்ட் பின்னால் எழுதுகிறேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு இருங்கள்.

உங்கள்,
வள்ளி


வடக்கு சிக்கிம்
20.4.2024

அன்புள்ள வள்ளிக்கு,

கழுதைக்கு இருமல் போயிற்று. என்னுடையது இருமல் இல்லை, தொண்டையைச் சரிசெய்வது. உன் கால் வீக்கம் வற்றியதா?

உன் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தேன். ஒரு பீகார்க்காரனின் வயிறு பற்றிப் பன்னிரண்டு வரி இருக்கிறது. வீட்டைப் பற்றி நான்கு வரிதான். இது ரிப்போர்ட் ஆகாது. தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது? பெரிய ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? சீசன் சமயத்தில் கூட்டம் எப்படி? ஒரு கிலோமீட்டருக்குள் சொந்தக்காரர்கள் எத்தனை பேர்? கடைசிக் கேள்விதான் முக்கியம். நான் லீவுக்கு வந்தாலே, ஆள் வந்து சேருமுன் பாட்டில் வந்துவிட்டதா என்று விசாரிக்கிற கூட்டம் அது. நிரந்தரமாக வந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்.

குரங்கு ஒன்று மட்டும் போதாது. இன்னும் நான்கு காரணம் வேண்டும். மறுபடி ஒருமுறை போக வேண்டியிருந்தாலும் போய்விட்டு வா.

அன்புடன்,
சுபாஷ்


ஆவடி
18.5.2024

அன்புள்ள அத்தானுக்கு,

கால் சரியாகிவிட்டது. தொண்டையைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டாம், சுக்கு போட்டுக் குடியுங்கள். அனுசியா லீவுக்கு வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். எடை கூடிவிட்டது என்று அழுதுகொண்டே அல்வா சாப்பிட்டாள்.

நீங்கள் சொன்னபடி மறுபடியும் போனேன். கேட்டதற்கெல்லாம் பதில் எழுதுகிறேன்.

தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. காலை ஐந்து நாற்பதுக்கு வரும் என்று பெயர், ஐம்பதுக்குத்தான் வரும். முதல் இரண்டு குடம் கலங்கலாக இருக்கும், அதைச் செடிக்கு விட்டுவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை மட்டும் குழாய் திறக்கிறவருக்கு ஏதோ விரதம், அதனால் ஆறேகால் ஆகிவிடும். ஆஸ்பத்திரிக்கு மினிபஸ்ஸில் பன்னிரண்டு நிமிடம், டிரைவர் பெட்டிக்கடையில் வெற்றிலை வாங்க நிறுத்தினால் பதினைந்து. சீசன் இனிமேல்தான். அப்போது தெரு முழுக்க வெளியூர்க் கார் நிற்கும், வாசலில் கல் போட்டு வைக்க வேண்டும் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள்.

ஒரு கிலோமீட்டருக்குள் சொந்தக்காரர் யாரும் இல்லை. உங்கள் ஆட்கள் வாசுதேவநல்லூரில், என் ஆட்கள் ராயகிரியில். எல்லாரும் பஸ் ஏறித்தான் வர வேண்டும். சொல்லாமல் வருகிறவர் பெரியத்தான் ஒருவர்தான். வரும்போது எலுமிச்சம்பழம் கொண்டுவருகிறார். வீட்டில் இப்போது நூற்றுப்பத்துப் பழம் கிடக்கிறது.

கிளினிக்கில் இன்னொரு கூத்து. ஒரு பெண் "சக்கர் ஆ ரஹா ஹை" என்று சொல்லியிருக்கிறாள். தலைசுற்றுகிறது என்று அர்த்தம். இவர்கள் சர்க்கரை வியாதி என்று நினைத்து மூன்று தடவை விரலில் குத்திவிட்டார்கள். நான் போய்ச் சொன்ன பிறகுதான் விரலை விட்டார்கள்.

மற்றபடி ஒன்றுமில்லை.

உங்கள்,
வள்ளி


வடக்கு சிக்கிம்
12.6.2024

அன்புள்ள வள்ளிக்கு,

சுக்கு குடிக்கிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது. நீயும் அப்படியே என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தில் சில சந்தேகங்கள். குழாய் திறக்கிறவனின் செவ்வாய்க்கிழமை விரதம், இரண்டு நாள் தங்கிவிட்டு வருகிறவளுக்கு எப்படித் தெரியும்? நூற்றுப்பத்து எலுமிச்சம்பழம் எந்த வீட்டில் கிடக்கிறது? மேலே ஆவடி என்று எழுதியிருக்கிறாய். கவரில் தென்காசி முத்திரை குத்தியிருக்கிறது. இருபத்தெட்டு வருடம் பட்டாளத்தில் இருந்தவன் முத்திரையைப் பார்க்காமல் கவரைப் பிரிக்க மாட்டான்.

அண்ணன் உன்னை மயக்கிவிட்டான் என்று தெரிகிறது. அவனுக்கு அது கைவந்த கலை. இங்கே லட்டு என்று ஒரு கோவேறு கழுதை இருக்கிறது. வழியில் எவன் வெல்லம் நீட்டினாலும் அங்கேயே நின்றுவிடும், பின்னால் நாற்பத்தொன்றும் நிற்கும். உன்னைச் சொல்லவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

இனி ரிப்போர்ட் வேண்டாம். சொரிமுத்து ஆவடியில் நமக்கு நல்ல வீடாகப் பார்த்து வைத்திருக்கிறான். ஜூலை முதல் தேதி உன்னைக் கூட்டிப்போய்க் காட்டச் சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறேன். பார்த்துவிட்டுச் சரி என்று ஒரு வரி எழுது.

அன்புடன்,
சுபாஷ்


ஆவடி
9.7.2024

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம். நீங்களும் சுகம்தானே.

மதினிக்குக் கண் ஆபரேஷன் என்று போயிருந்தபோது, இங்கே எழுதிய கடிதத்தை அங்கே தபாலில் போட்டேன். முத்திரை அப்படி வந்தது.

சொரிமுத்து அண்ணன் வந்த நேரம் நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். பிறகு நானாகவே போய் அந்த வீட்டைப் பார்த்தேன். நல்ல வீடுதான். சமையலறைதான் இருட்டு, ஒரே ஒரு ஜன்னல். எனக்கு மூச்சு முட்டும்.

நேரமில்லை, துணியை உள்ளே எடுத்துப் போட வேண்டும். ஆறு நாளாகச் சாரல் விடவே இல்லை, போர்வைகூடக் காயவில்லை.

உங்கள்,
வள்ளி


வடக்கு சிக்கிம்
30.7.2024

வள்ளிக்கு,

இங்கே எல்லாரும் சுகம்.

உன் கடிதமும் சொரிமுத்து கடிதமும் ஒரே மூட்டையில் ஒரே கழுதை மேல் வந்தன. அவன் மூன்று தடவை போனானாம், மூன்று தடவையும் பூட்டு. பக்கத்து வீட்டு மூக்கம்மாள் அக்காவை விசாரித்திருக்கிறான். ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதியே மினிலாரியில் சாமான் போய்விட்டதாம். என் கடிதங்களை வேறு உறையில் போட்டு அனுப்புவதே தான்தான் என்று அந்த அம்மாள் ஒப்புக்கொண்டாளாம். அவன் பார்த்த வீட்டில் சமையலறைக்கு மூன்று ஜன்னல். எண்ணி எழுதியிருக்கிறான்.

ஜூலை மாதத்து ஆவடியில் ஒரு துணி காய எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். இருபது நிமிடம்.

எனக்குக் கோபமில்லை என்று மூன்று தாளில் எழுதினேன். படித்துப் பார்த்தால் மூன்றிலும் கோபம்தான் இருந்தது, கிழித்துவிட்டேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயாகச் சொல்.

சுபாஷ்


மேலகரம்
14.8.2024

அன்புள்ள அத்தானுக்கு,

மேலே ஊர்ப் பெயரை எழுதும்போதே பாதிப் பாரம் இறங்கிவிட்டது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அனுசியாவுக்கு எல்லாம் தெரியும், அவளைத் திட்டாதீர்கள், நான்தான் வாயைக் கட்டினேன். நீங்கள் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து இதைப் படியுங்கள்.

மார்ச்சில் கால் வீக்கம் என்று எழுதினேனே, அது பொய். கால் இரண்டே நாளில் சரியாகிவிட்டது. நான்காம் நாள் ஊருக்குக் கிளம்புமுன், கிளினிக்கில் விட்டுவிட்ட என் எக்ஸ்ரேயை வாங்கப் போனேன். அங்கே பெஞ்சில் ஒடிசாவிலிருந்து சூளைக்கு வந்த ஒரு பெண், எட்டு மாதக் கர்ப்பிணி, துணைக்கு யாரும் இல்லை. "பானி, பானி" என்கிறாள். பானி என்றால் தண்ணீர் என்று எல்லாருக்கும் தெரியும், இரண்டு டம்ளர் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது டம்ளரை அவள் தட்டிவிட்டாள். திமிரைப் பார் என்று சீட்டு எழுதுகிற உமாதேவி முணுமுணுக்கிறாள். நான் பக்கத்தில் போய்க் கேட்டேன். பனிக்குடம் உடைந்துவிட்டது என்றுதான் அந்தப் பெண் அவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

டாக்டரே அவர் காரில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழி பூராவும் அவள் என் கையை விடவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் பெண் குழந்தை. இரண்டு பேரும் பிழைத்தார்கள். டாக்டர் திரும்பி வரும்போது, என்னை இறக்கிவிடுகிற இடத்தில், "அம்மா, நீங்க டெய்லி காலைல மட்டும் வர முடியுமா?" என்று கேட்டார்.

ஜலந்தர், பட்டிண்டா, ஜோத்பூர், தேஜ்பூர் என்று பதினோரு வீடு மாறியிருக்கிறேன். உத்தரவு வந்தது என்பீர்கள், நான் பெட்டி கட்டுவேன். பட்டிண்டாவில் தொட்டியில் வைத்த கறிவேப்பிலை இரண்டாவது கொழுந்து விடுமுன் கிளம்பினோம். நான் குறை சொல்லவில்லை, அது உங்கள் வேலை. ஆனால் அந்தப் பதினோரு ஊரிலும் காய்கறிக்காரனோடும் பால்காரனோடும் சண்டை போடக் கற்ற இந்தி ஒருநாள் ஒருத்தரைக் காப்பாற்றும் என்று நான் நினைத்ததில்லை. ஒரு மாதம் இருந்து பார்க்கலாம் என்றுதான் சாமானை ஏற்றினேன். உங்களிடம் ஐந்து நிமிடப் போனில், பின்னால் ஆள் கனைக்க, எப்படிச் சொல்ல? ஒரு மாதம் மூன்றாகிவிட்டது. பொய்யும் அதோடு வளர்ந்துவிட்டது. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். வந்ததற்குக் கேட்கவில்லை.

நான் ஆவடிக்கு வரவில்லை அத்தான். நீங்கள் அங்கே இருப்பதானால் இருங்கள். சனிக்கிழமை ரயில் ஏறி, ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குச் சமைத்து வைத்துவிட்டு வருகிறேன்.

இதை எழுதிவிட்டு அழுதேன். ஆனாலும் கிழிக்கவில்லை.

உங்கள்,
வள்ளி


மேலகரம்
18.9.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதற்கு மட்டுமே இந்தக் கடிதம். ஒரு மாதமாகப் பதிலும் இல்லை, போனும் இல்லை. மழையில் பாதை அடைத்துவிட்டதா, கோபத்தில் வாய் அடைத்துவிட்டதா, தெரியவில்லை. கோபமாக இருந்தால் நல்லது என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

டிவியில் சிக்கிம் என்று பெயர் வந்தாலே பெரியத்தான் போன் செய்கிறார். பயப்படாதே என்று சொல்லத்தான் செய்கிறார், ஆனால் அதையே நான்கு தடவை சொல்லுகிறார். நேற்று நேரிலேயே வந்துவிட்டார். எலுமிச்சம்பழம் கொண்டுவரவில்லை. அதுதான் என்னை ரொம்பப் பயமுறுத்திவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறேன் என்றேனே, சனிக்கிழமை காலையிலேயே வந்துவிடுகிறேன். டாக்டரிடம் கேட்டுவிட்டேன். ஒரு வரி எழுதுங்கள், திட்டியாவது.

உங்கள்,
வள்ளி


பெங்களூர்
4.10.2024

அன்புள்ள வள்ளிக்கு,

நான் முழுசாக இருக்கிறேன். ரெண்டு கால், ரெண்டு கை, தொண்டை உட்பட. பாதை மூன்று இடத்தில் சரிந்துவிட்டது. போன் கம்பமும் போயிற்று. நாங்கள் கழுதைகளோடு நான்கு நாள் நடந்து இறங்கினோம். அங்கிருந்து ரிட்டையர்மென்ட் வேலைகளுக்காக நேரே இங்கே அனுப்பிவிட்டார்கள். உன் இரண்டு கடிதமும் என்னைத் தேடி அலைந்து முந்தாநாள்தான் சேர்ந்தன. நேற்று ராத்திரி உன்னைக் கூப்பிட்டிருக்கலாம், இப்போது கையில் போன் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லப் போனில் எனக்குத் தைரியம் வராது.

அந்த ஒடிசாப் பெண்ணின் கதையைப் படித்துவிட்டு மெஸ்ஸில் எல்லாருக்கும் சொன்னேன். என் வீட்டுக்காரி என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் கூடிவிட்டது. உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்தத் தடவை ஒரே தாளில் எழுதுகிறேன், கிழிக்கவும் இல்லை.

நீ பொய் சொன்னது நான்கு மாதம். நான் சொன்னது இருபத்தாறு வருடம்.

முதல் லீவுக்கு வந்தபோது ஊரில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்துகொண்டு, பட்டாளத்தில் என்ன வேலை என்று கேட்டார்கள். அண்ணன் வேறு பெருமையாக என் தோளில் கை போட்டு நிற்கிறான். கோவேறு கழுதைக்குக் கொள் வைக்கிறேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. டாங்கி ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பிறகு வருடா வருடம் அந்த டாங்கியை வளர்க்க வேண்டியதாயிற்று. ஒரு லீவில் அதை ஆற்றுக்குள் இறக்கி அக்கரை ஏற்றினேன். இன்னொரு லீவில் ஜனாதிபதிக்கு முன்னால் ஓட்டினேன். அதனால்தான் ராணுவ ரகசியம் என்று சொல்லச் சொன்னேன். அதனால்தான் ஆவடி. லீவுக்கு வந்து இருபது நாள் டாங்கி ஓட்டலாம். நிரந்தரமாக வந்து ஓட்ட முடியாது. தென்காசியில் என் யூனிட் ஆட்களே நான்கு பேர் இருக்கிறார்கள். ஒருவன் அண்ணனைப் பார்த்தால் போதும்.

கழுதைகளுக்காக நான் வெட்கப்படவில்லை. அந்தப் பாதையில் அவை இல்லையென்றால் மேலே இருந்தவர்கள் பட்டினிதான். அண்ணன் முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியாது. நீ ஒரு வழி சொல். அதுவரை டிக்கெட் எடுக்கப் போவதில்லை.

அன்புடன்,
சுபாஷ்


மேலகரம்
12.10.2024

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கைக்கு வந்ததும் முதலில் தேதியைப் பார்த்தேன், பிறகு கையெழுத்தைப் பார்த்தேன், பிறகுதான் படித்தேன். ரெண்டு கால், ரெண்டு கை என்ற வரியை அனுசியாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன்.

நான் கடிதத்தோடு நேரே வாசுதேவநல்லூருக்குப் போனேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். பெரியத்தான் தோட்டத்தில் இருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், அத்தான் டாங்கி ஓட்டுவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். அவர் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தார்.

"கழுதைதானம்மா? எனக்குத் தெரியும்" என்றார்.

அனுசியா சின்னப்பிள்ளையாக இருந்தபோது, அப்பா வேலை பார்க்கிற இடம் என்று ஒரு படம் வரைந்து பெரியப்பாவுக்கு அனுப்பியிருக்கிறாள். நான்கு கால், பெரிய காது, பக்கத்தில் தொப்பி போட்ட நீங்கள். பெரியத்தான் முதலில் டாங்கியைத்தான் பிள்ளை அப்படி வரைந்திருக்கிறது என்று நினைத்தாராம். பிறகு உங்கள் யூனிட் ஆள் ஒருவரைத் தென்காசிச் சந்தையில் பார்த்து விசாரித்திருக்கிறார். பதினைந்து வருடமாகிறது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நான் கேட்டுட்டா அவன் லீவுக்கு வாரதையே நிறுத்திருவாம்லா. அதான் டாங்கி ஓட்டுதாம்னு நானே ஊர் பூரா சொல்லுதேன். நாலு பேரு தெரிஞ்சுக்கிட்டுக் கேட்டாவ. ஏலே, எந்தம்பி முன்னால எவனாவது வாயத் தொறந்திய, அப்புறம் இருக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றார். உங்கள் டாங்கி ஆற்றைக் கடந்த கதையை அன்றைக்கு வாய் பிளந்து கேட்டார்களே, அவர்களில் பாதிப் பேருக்கு உண்மை தெரியும்.

பெரியத்தான் உங்களுக்கு ஒரு செய்தி சொல்லச் சொன்னார். "வந்தா அந்தக் கழுதைய பத்திச் சொல்லச் சொல்லு. டாங்கி கேட்டு அலுத்துப் போச்சு."

நான் உங்களை வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காலையில் எட்டரைக்குக் கிளம்பினால் ஒரு மணிக்குத்தான் வருவேன். அதற்குச் சம்மதமானால் டிக்கெட் எடுங்கள்.

உங்கள்,
வள்ளி


மேலகரம்
19.1.2025

அன்புள்ள சொரிமுத்துவுக்கு,

பொங்கல் எப்படிப் போயிற்று? உன் வீட்டில் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். எங்களுக்கு இங்கே குறை ஒன்றுமில்லை, முதுகுப் பிடிப்பு ஒன்றைத் தவிர. அது பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நீ எனக்காகப் பார்த்து வைத்த மூன்று ஜன்னல் வீட்டுக்காரரிடம் மன்னிப்புச் சொல்லிவிடு. நவம்பர் இரண்டாம் தேதி இங்கே வந்து இறங்கினேன். ஸ்டேஷனில் வள்ளி இல்லை, அவளுக்குக் கிளினிக். அண்ணன் ஃபிளாஸ்க்கோடு நின்றான். இரண்டு பேரும் காப்பி குடித்தோம். ஆட்டோவில் ஏறிய பிறகு, "அந்த லட்டு இப்ப எங்கன இருக்கு?" என்றான். வள்ளி என் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். நான் மேலகரம் வருகிறவரை லட்டு பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் இறங்கியும் அவன் என்னை உள்ளே விடவில்லை. பனியில் அது வழி கண்டுபிடித்த கதையை முடித்துவிட்டுப் போ என்றான்.

டிசம்பரில் வள்ளிக்கு மூன்று நாள் காய்ச்சல். அவளுக்குப் பதிலாக வர முடியுமா என்று டாக்டர் என்னைக் கேட்டார். எனக்கென்ன, அவளைவிட நல்ல இந்தி. மிடுக்காகப் போய் உட்கார்ந்தேன். முதலில் வந்தவன் ஒரு மரக்கடைத் தொழிலாளி. என்ன வியாதி என்று கேட்டேன். அவன் விறைப்பாக எழுந்து நின்று, ஒன்றுமில்லை சார் என்றான். இரண்டாவது ஆளுக்கு நான் கேள்வி கேட்கக் கேட்க ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போயிற்று, டாக்டர் அளந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். மூன்றாவதாக வந்தவள் கைக்குழந்தையோடு வாசலிலேயே நின்று, அந்த அம்மா எப்போது வருவாள் என்று கேட்டாள். டாக்டர் மிகவும் மரியாதையாக, நீங்கள் வீட்டில் அவர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அதையே செய்கிறேன். தண்ணீர் பிடிப்பது என் பொறுப்பு. ஒரு மணிக்குச் சோறு தயாராக இருக்கும். வள்ளி வந்து, காலையில் யார் யார் வந்தார்கள் என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவாள். இருபத்து மூன்று வருடத்தில் நான் அவள் பேசி இவ்வளவு கேட்டதில்லை. போன வாரம் ஒருநாள் கையைக் கழுவிவிட்டு வந்து, "ஆவடிக்குப் போகணும்னு இருக்கா அத்தான்?" என்று கேட்டாள். இல்லை என்றேன். உண்மையைச் சொல்வதென்றால், கேன்டீன் மட்டும் நினைவுக்கு வருகிறது.

முந்தாநாள் குடம் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டது. வள்ளி உள்ளே டாக்டரோடு இருந்தாள், நான் எல்லாரையும்போல வரிசையில் நின்றேன். சீட்டு எழுதுகிற உமாதேவி புதுப் பேனாவால் எழுதினாள். எட்டிப் பார்த்தேன். 'சுபாஷ், ஆனந்தவள்ளி அக்கா வீட்டுக்காரர்' என்று இருந்தது. சுபேதார், ஓய்வு என்று சேர்த்து எழுதம்மா என்றேன்.

"அதெல்லாம் எழுத இதுல எடம் இல்ல, அண்ணாச்சி" என்றாள்.

இடம் இருந்தது, சொரிமுத்து. முக்கால் வரி காலியாகக் கிடந்தது. நான் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

சீசனுக்குக் குடும்பத்தோடு வா.

உன்,
சுபாஷ்